பச்சை போன கண்மாய்

செப்டம்பர் 8, திங்கள்

கண்மாய் ஒரே ராத்திரியில் பச்சையாகிவிட்டதாக ஊரே பேசிக்கொள்கிறது. ஊருக்கு இன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறது. போன வாரமே ஓரமெல்லாம் பச்சை கட்டியதை நான் பார்த்தேன். இப்போது நடுவரைக்கும் போய்விட்டது, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. மேல்காற்று அடிப்பதால் அத்தனையும் எங்கள் துறையில் வந்து ஒதுங்குகிறது. நாற்றம் தெரு வரைக்கும் வருகிறது.

பள்ளிக்கூடத்துக்கு முட்டை வரவில்லை. சமையல்காரம்மாவுக்கு முதுகுவலி. சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான் பெரிசு, இன்று முழுக்க நான்தான் கரண்டி பிடித்தேன்.

சாயங்காலம் கருவாயன் இழுத்த இழுப்பில் கரை வரைக்கும் போய்வந்தேன். என் வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த கோம்பை நாய். அவர் போனதிலிருந்து வெயில் சாய்ந்தால் கரைக்குப் போகாமல் அடங்கமாட்டான். நான் என்ன செய்ய, பின்னாலேயே போகவேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

ராசாங்கம் மாமா வந்தார். என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அண்ணன். தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு அப்படியே வந்திருப்பார் போல, கையெல்லாம் நீலம்.

"புரட்டாசிக் கடைசி ஞாயித்துக்கெழமை வச்சுக்கிருவோம்மா. வருசம் திரும்புறதுக்குள்ள தம்பிய வீட்டுக்குக் கூட்டியாந்துறணும். எத்தன நாளைக்குத்தான் தண்ணியிலயே நிப்பான்?"

எங்கள் வகையறாவில் தண்ணீரில் போனவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. வருடம் திரும்பும்போது, பெற்ற பிள்ளை அதே துறையில் இறங்கி மூன்று முங்கு போடவேண்டும். முங்கிய இடத்திலேயே ஒரு குடம் தண்ணீர் மோந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இறந்தவர் அந்தக் குடத்தில் ஏறி வந்துவிடுவார். அந்தத் தண்ணீரிலேயே பொங்கி, வந்த சனமெல்லாம் சாப்பிட வேண்டும். அதுவரைக்கும் அவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே இருப்பார் என்று சொல்வார்கள்.

பெண்பிள்ளை முங்கலாமா என்று பங்காளிகளில் யாரோ கேட்டார்களாம். "அவன் ரத்தந்தானடா அது" என்று சத்தம் போட்டுவிட்டாராம் மாமா. என் மகள் ஓவியாவுக்கு அதில் பெருமை. பன்னிரண்டு வயதுக்கு இதெல்லாம் பெருமையாகத் தெரியும்.

தெய்வேந்திரன் என்று அவர் பெயரை எழுதிப் பார்த்தேன். வருடம் ஆகப்போகிறது. வலை எதிலோ சிக்கிக்கொண்டது என்று இறங்கியவர். மறுநாள் எடுத்தார்கள். ஒரு காலில் டயர் செருப்பு அப்படியே இருந்தது. இன்னொரு செருப்பு கிடைக்கவே இல்லை. கிடைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

எறும்பு கடித்துவிட்டது. இரண்டு பாதமும் சிவந்து தடித்து அரிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மேலத்தெரு ஆடுகள் இரண்டு கண்மாயில் தண்ணீர் குடித்து, வீடு திரும்புவதற்குள் செத்து விழுந்தன. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து பெனாசிர் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. பச்சைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி, கையை வேறு தண்ணீரில் மூன்று தடவை கழுவினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது சாதாரணப் பாசி இல்லக்கா. விஷம். பிள்ளைங்க, ஆடு மாடு யாரும் இறங்கக் கூடாது. மீன் பிடிச்சுத் திங்கக் கூடாது. தெரியாம மேல பட்டுட்டா உடனே குழாய்த் தண்ணியில நல்லாக் கழுவிடணும். நாய் வச்சிருக்கீங்கள்ல? கட்டிப்போடுங்க. முடியில ஒட்டினதை நக்கியே செத்துப்போகும்."

"காய்ச்சுனா சரியாப் போயிரும்ல டாக்டரம்மா?" என்றேன்.

"போகாது. காய்ச்சினா கிருமி சாகும். விஷம் அப்படியேதான் இருக்கும்."

இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கொதிக்கவைத்து ஆற்றாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்ததில்லை. அவர் மாட்டுக்குப் படித்தவர்.

ஆனாலும் மத்தியானம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எவனாவது கண்மாய்ப் பக்கம் போனதாகத் தெரிந்தால் முட்டை கிடையாது என்று சொல்லிவிட்டேன். விஷத்துக்குப் பயப்படாததுகள் முட்டைக்குப் பயப்படும்.

துறையில் போர்டு வைத்துவிட்டார்கள். 'தண்ணீர் பச்சையாக உள்ளவரை யாரும் இறங்கவோ பயன்படுத்தவோ கூடாது.' சிவப்பு எழுத்து. கருவாயனைக் கட்டிப்போட்டேன்.

செப்டம்பர் 20, சனி

கருவாயன் சங்கிலியை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். தேடிக்கொண்டு கரைக்குப் போகவேண்டியதாகிவிட்டது. அதனால்தான் திரும்பி வர இருட்டிவிட்டது.

"கருவாயன் இங்கதானம்மா கெடந்துச்சு" என்றாள் ஓவியா.

அவள் படித்துக்கொண்டிருந்தாள். கவனித்திருக்க மாட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு சேலையின் ஓரத்தில் பச்சைக்கறை. சோப்புப் போட்டும் போகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

விடியும்போது ஓவியா எழுப்பினாள். கனவு கண்டாளாம். அப்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். மேலெல்லாம் பச்சை. கோபமாக இல்லையாம், சும்மா பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாராம்.

"'குடம் கழுவியாச்சா'ன்னு கேட்டாரும்மா."

சூடு பிடித்தால் இப்படிக் கனவு வரும் என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவளிடம் ஒன்று சொல்லவில்லை. எனக்கும் அதே கனவு வருகிறது. என்னிடம் அவர் குடத்தைக் கேட்பதில்லை. செருப்பைக் கேட்கிறார்.

எறும்பு இப்போது முழங்கால் வரைக்கும் கடித்திருக்கிறது. இந்த வீட்டில் எங்கே புற்று வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. மூலை மூலையாக மருந்து போட்டேன்.

கண்மாயில் தவளைச் சத்தமே இல்லை. எப்போதிருந்து நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

செப்டம்பர் 27, சனி

இரண்டு தடவை வாந்தி. பழைய குழம்பு.

செப்டம்பர் 29, திங்கள்

காலாண்டு விடுமுறை. பாத்திரங்களை எல்லாம் எண்ணிப் பூட்டிவிட்டு வந்தேன்.

மாமா வாசலில் நின்றார், உட்காரவில்லை. ஏதோ யோசனையோடு வந்தால் அவர் உட்காரமாட்டார்.

"ஏம்மா, அந்தப் பச்சைக்குள்ளயா புள்ளய முங்கச் சொல்றது? எந் தம்பிய அந்தச் சாக்கடையோட சேத்தா குடத்துல மோந்துட்டு வர்றது? நாஞ் சும்மா இருக்க மாட்டேன்."

"என்ன மாமா செய்யப்போறீங்க?"

"தோட்டத்துல மயில்துத்தம் மூட்டையாக் கெடக்கு. கொடியில பூஞ்சை விழுந்தா அதத்தான அடிக்கிறோம், மறுவாரம் எல சுத்தமாயிருதுல்ல. இதுவும் பாசிதான? கண்மாயில இப்ப என்ன கடலா கெடக்கு, கோடைக்கு வத்துனது போகப் பாதிகூட இல்ல. பரிசல்ல போயி அடிச்சு விட்டுர்றேன்."

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார். மாமாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்துவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

அக்டோபர் 2, வியாழன்

மாமாவும் தோட்டத்து ஆட்களும் நேற்றும் இன்றும் மருந்தடித்தார்கள். கரையில் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. மோட்டார் சத்தத்துக்குக் கருவாயன் ஓயாமல் குரைத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பச்சை பழுப்பாகி, பழுப்பு கரைந்துகொண்டிருக்கிறது. மாமா மீசையைத் தடவிக்கொண்டு தெருவில் நடக்கிறார்.

அக்டோபர் 8, புதன்

கண்மாய் தெளிந்துவிட்டது! பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்கிறார்கள். கரையில் நின்றால் அடியில் கிடக்கிற கல் தெரிகிறது, சேறு தெரிகிறது. போர்டில் போட்டிருந்தது பச்சையாக உள்ளவரை என்றுதானே, இப்போது பச்சை எங்கே இருக்கிறது என்று யாரோ அதைப் பிடுங்கிச் சாய்த்து வைத்துவிட்டார்கள்.

குடத்தைப் புளி போட்டு விளக்கினேன். ஓவியாவுக்கு மஞ்சள் பாவாடை எடுத்து வைத்தேன். நான்கு நாள்தான். நான்கு நாளில் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

தவளைகள் மட்டும் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கருவாயன் செத்துப்போனான்.

சாயங்காலம் அவிழ்த்துவிட்டேன். பச்சைதான் போய்விட்டதே என்று. கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். தெளிந்த தண்ணீரில், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, சேற்றில் பாதி புதைந்து செருப்பு தெரிந்தது. கருப்பாக, வார் மேலே தூக்கிக்கொண்டு. அதுதான். எனக்குத் தெரியாதா, எத்தனை வருடம் வாசலில் பார்த்த செருப்பு. கருவாயன் தண்ணீருக்குள் இழுத்தான். அவன் நக்கி நக்கிக் குடித்தான். நான் குனிந்து அதை எடுத்தேன்.

பனைமட்டை.

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அவன் கால் பின்னிக்கொண்டது. வாயில் நுரை. உடம்பு வெடுக் வெடுக்கென்று இழுத்தது. ஓவியா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கருவாயா, கருவாயா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா வண்டியில் வந்து இறங்கியபோது கண் மட்டும் அசைந்தது. ஊசி போட்டார். இதற்கு மாற்று மருந்து கிடையாதக்கா என்றார். பிறகு கண்ணும் நின்றுவிட்டது.

"நீங்க தண்ணிக்குள்ள இறங்கினீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் என் சேலையைப் பார்த்தார். முழங்கால் வரை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓவியாவும் பார்த்தாள். டாக்டரம்மா குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என் காலில் வாளி வாளியாக ஊற்றினார்.

அக்டோபர் 10, வெள்ளி

மாமாவும் டாக்டரம்மாவும் வாசலில் நின்று பேசியதைக் கேட்டேன். டாக்டரம்மா அதட்டவில்லை. அதட்டியிருந்தால் மாமா எதிர்த்து நின்றிருப்பார்.

"பச்சையா இருந்தப்ப விஷம் பாதிக்கு மேல அந்தப் பாசிக்குள்ளயே இருந்துச்சுங்கய்யா. நீங்க மருந்தடிச்சதும் பாசி செத்து, வெடிச்சு, உள்ள இருந்ததெல்லாம் ஒரே நேரத்துல தண்ணியில கலந்துருச்சு. அப்பவாவது பச்சையைப் பார்த்து எல்லாரும் பயந்தாங்க. இப்ப கண்ணுக்கே தெரியாது. வாரக்கணக்குல இருக்கும். பரிசோதனையில சரின்னு வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது."

மாமா வெகுநேரம் தன் கையையே பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

"தம்பி வர்ற பாதையச் சுத்தம் பண்ணுறேன்னுதாம்மா நெனச்சேன்" என்றார். டாக்டரம்மாவிடம் இல்லை, என்னிடம். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பிறகு அவரே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போர்டை நட்டார். பச்சையாக உள்ளவரை என்கிற இடத்தில் நீலப் பெயிண்ட் அடித்து அழித்திருக்கிறார். தண்டோராவும் போடச் சொன்னார்.

கருவாயனை வேப்பமரத்தடியில் புதைத்தோம். அவன் மேலிருந்த ஈரம் படாமல் கையில் சாக்குக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஓவியா அழவில்லை. சங்கிலியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 11, சனி

நாளைக்கு என்ன செய்வது?

ஓவியா முங்க வேண்டாம். அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. ஆனால் குடம்? குடம் இல்லாமல் அவர் எதில் வருவார்? இந்த வருடம் விட்டால் மறுபடி கூப்பிடுகிற முறை கிடையாது என்கிறார்கள் பெரியவர்கள். அப்படியே நின்றுவிடுவாரா, அந்த மாதிரித் தண்ணீரில்?

மாமாவிடம் சொன்னேன்.

"ஒரு கொடம் மட்டும் மோந்துட்டு வருவோம் மாமா. நானே போயி மோக்குறேன். தனியா ஒரு கைப்பிடி அரிசி அதுல பொங்கி, நான் மட்டும் சாப்புடுறேன். வேற யாருக்கும் வேணாம். ஒருத்தர் சாப்பிட்டாப் போதும்ல?"

"காய்ச்சினாலும் போகாதுன்னுதானம்மா அந்த டாக்டர் புள்ள சொல்லுச்சு?"

"தெரியும் மாமா."

மாமா என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஏனோ அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. உள்ளே ஓவியா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

சனமெல்லாம் கரைமேல் நின்றது. இறங்கவேண்டாம் என்று மாமா கயிறு கட்டியிருந்தார். கண்மாய் அத்தனை அழகாக இருந்தது. வானம் அப்படியே உள்ளே கிடந்தது. குடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

குடத்தை நான் வாங்கக் கை நீட்டினேன். ஓவியா கொடுக்கவில்லை. மஞ்சள் பாவாடையோடு கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, குடத்தின் வாயைத் தண்ணீரைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்தாள்.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டாள். மூன்று முங்குக்கு மூன்று தடவை.

பங்காளி ஒருவர் முணுமுணுத்தார். "வெறுங்கொடத்துல எப்படி தாயி வருவான்?"

ஓவியா அவரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள். "பெரியப்பா, அந்தத் தண்ணிதான அப்பாவக் கொன்னுச்சு. அதுல ஏறியா அப்பா வருவாரு?"

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். குடத்தின் வாயில் விரித்துச் சணலால் கட்டினார். கட்டும்போது அவர் தோள் குலுங்கியது. "தூக்கு தாயி. பாத்து நட, அப்பன் உள்ள இருக்கான்" என்றார்.

முன்னால் ஓவியா, பின்னால் சனம். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கரை இறங்குகிற இடத்தில் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். என்ன பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை.

குழாய்த் தண்ணீரில் பொங்கினோம். எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓவியாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைக் காட்டினேன். தடிப்பு தொடைவரை ஏறியிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள், ஈரலுக்கு என்னவோ பார்க்கவேண்டுமாம். எறும்பு என்றேன். பெனாசிர் டாக்டரம்மா முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார் போல, அந்த டாக்டர் எறும்பு என்று எழுதவே இல்லை.

திரும்பி வந்து சாமி மாடத்தைத் துடைத்தேன். அங்கே வைத்திருந்த குடத்தின் மேலிருந்த துண்டு நடுவில் ஈரமாக இருந்தது. கான்கிரீட் வீடு, ஒழுக வழியில்லை. மழையும் இல்லை. ஓவியாதான் தீர்த்தம் தெளித்திருப்பாள். கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சோறு, சாம்பார், முட்டை எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. ஒரு பயல்கூட கண்மாய்ப் பக்கம் போகவில்லை என்று பிள்ளைகள் போட்டிபோட்டுச் சத்தியம் செய்தார்கள்.

வெயில் சாய்ந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கருவாயனுடைய சங்கிலி கேட்டில் சுற்றிப் பூட்டியிருந்தது. ஓவியா அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், மடியில் கணக்குப் புத்தகம்.

"எங்கம்மா போற?"

"சும்மா. கருவாயன்..." என்று வாய்க்கு வந்துவிட்டது.

"கருவாயன் செத்துப்போச்சும்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவைப் போலவே கோபமில்லாமல், சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பாதான் வீட்டுக்கு வந்துட்டாருல்ல. நீ மட்டும் ஏம்மா இன்னும் தண்ணிக்குள்ளயே நிக்கிற?"

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். ஓவியா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். இருட்டுகிறவரை அவள் சாவியை உள்ளங்கையிலேயே மூடி வைத்திருந்தாள்.

பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றி அவருடைய ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உலை வைத்தேன்.